அடைப்பு நீக்கமும் உயிர்வளியும்

பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், சில வீடுகளில் தாத்தா பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளுமே இருப்பர். அவ்வேளையில் பாட்டியின் வாய் திடீரென ஒருபுறம் கோணலாம், ஒரு கை தூக்க இயலாமல் தொய்ந்து விழலாம், பேச்சு குழறலாம். இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது.

மூளையின் எடை உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், உடல் பயன்படுத்தும் உயிர்வளியில், அதாவது ஆக்சிஜனில், ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதனைச் சுமந்து செல்வது குருதி. மூளையின் பெரிய குருதிக்குழாய் ஒன்றில் குருதிக்கட்டி அடைத்துக்கொண்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

குழாய் அடைபடுவதால் மட்டுமன்றி, வெடிப்பதாலும் பக்கவாதம் வரும். எனவே மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். அடைப்பு என்றால், தகுதியுடையோர்க்கு நான்கரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்படும். பெரிய குழாய் அடைபட்டிருப்பின், தொடை அல்லது மணிக்கட்டின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டியைக் கம்பிவலையால் இழுத்தோ உறிஞ்சியோ அகற்றுவர். இதனைப் பொதுவாக 6 மணி நேரத்திற்குள்ளும், ஸ்கேனில் தகுதி உறுதியானோர்க்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம்.

அவ்வாறாயின், உயிர்வளியை மிகுதியாகக் கொடுத்தாலே போதாதா? பிரித்தானியாவில் 8,003 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதற்கு விடை தேடியது. உயிர்வளிக் குறைவு இல்லாதவர்களுக்கு வழக்கமாகச் சிறிதளவு உயிர்வளி அளிப்பதால் பயன் இல்லை என்பது 2017இல் வெளியான அதன் முடிவு. காவிரி நீர் வரும் குழாய் அடைபட்டிருக்கையில், தொட்டி நிறைந்திருந்தாலும் வீட்டுக்கு நீர் வாராது அன்றோ? மூளைக்கும் முதலில் வழி திறக்க வேண்டும்.

வழியைத் திறக்கும்போதே உயிர்வளியை மிகுத்தால் என்னவாகும் என்பதைச் சீன மருத்துவர்கள் 282 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். அனைவருக்கும் கட்டி அகற்றும் சிகிச்சை நடைபெற்றது. அதனுடன் ஒரு பிரிவினர்க்கு முகமூடி வழியே நிமிடத்திற்கு 10 லிட்டர் உயிர்வளி 4 மணி நேரம் அளிக்கப்பட்டது. மற்றவர்க்கு 1 லிட்டர் மட்டுமே. 90 நாள்களுக்குப் பின், மிகுதியாகப் பெற்றவர்களிடம் உடல் இயலாமை குறைவாக இருந்தது. இம்முடிவு 2025இல் வெளியாயிற்று.

ஆயினும் ஓர் ஆய்வு மட்டும் போதாது. பிற நாடுகளிலும் இது உறுதிப்பட வேண்டும். வீட்டில் உயிர்வளி உருளை வைத்திருப்பது மருத்துவமனைக்கு மாற்றாகாது.

பிள்ளைகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, 108 என்னும் எண்ணை உடனே அழைத்தல். கன்னடத்தில் 'பார்ஷ்வவாயு' என்றால் பக்கவாதம் என்று புரிந்துகொள்வர். இரண்டாவது, பாட்டி இறுதியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்தல். சிகிச்சையை முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. மூன்றாவது, உணவோ நீரோ மாத்திரையோ தாராதிருத்தல். மூளை, நரம்பு நோய்களுக்கான நிமான்ஸ் மருத்துவமனை ஆஸ்டின் டவுனுக்குத் தெற்கே ஓசூர் சாலையில் உள்ளது.

பாட்டியின் இயல்பான தமிழை நாள்தோறும் கேட்கும் பிள்ளையே, அது குழறுவதை முதலில் உணரும். சிகிச்சைக்குப்பின் அவர் மீண்டும் சொற்களைப் பழகும்போதும், அருகில் அமர்ந்து தமிழில் பேசும் பிள்ளை அவருக்குத் துணையாகும்.

பயிற்சி

1. பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகளை எழுதுக.
2. உயிர்வளியை மட்டும் மிகுத்தல் ஏன் போதாது? உவமையுடன் விளக்குக.
3. 108 எண்ணில் பேசுவது போல, நோயாளியின் நிலை, நேரம், முகவரி ஆகியவற்றை ஐந்து வரிகளில் எழுதிக் கன்னடத்திலும் சொல்லிப் பழகுக.