வீடா, வண்டியா? ஆர்வியில் குடியிருக்கும் டிராவல் நர்ஸ்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்க மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை வரும்போது ஏஜென்ஸி வழியாகக் குறுகிய காலத்துக்கு வந்து வேலை பார்ப்பவர்களை டிராவல் நர்ஸ் என்கிறார்கள். பெரும்பாலும் 13 வாரக் கான்ட்ராக்ட். வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். அது முடிந்தால் வேறு ஊர், பல சமயம் வேறு மாநிலம். ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்கு மட்டும் வீடு தருபவரைத் தேடி, அட்வான்ஸ் கட்டி, சாமான் தூக்கிச் சலித்தவர்களில் சிலர் ஒரு ஆர்வி வாங்கிவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி. மருத்துவமனைக்குப் பக்கத்து ஆர்வி பார்க்கில் நிறுத்திக் குடியிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து என்கிளெக்ஸ் என்ற நர்ஸிங் லைசென்ஸ் தேர்வு எழுதி கிரீன் கார்டில் வந்து, ஸ்பான்ஸர் செய்த நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் டிராவல் வேலைக்கு மாறும் நம்மவர்களுக்கும் இந்த ஆசை வருவது இயல்பு.

ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டி எல்லாச் சட்டத்தின் கண்ணுக்கும் ஒரேமாதிரி தெரிவதில்லை. கடன் வட்டிக்கு வரிச்சலுகை கேட்டால் அது வீடு. போலீஸ் சோதனை என்றால் வண்டி. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விடுமுறைப் பொருள். பார்க் முதலாளிக்கு நீங்கள் வந்துபோகும் விருந்தினர். ஆர்வியில் வாழ்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஓர் இடத்தில் செல்லும் பதிலை இன்னோர் இடத்திலும் செல்லும் என்று நம்பிவிடுவதால் வருபவைதான்.

அதிகப் பணம் புரளும் இடம் வரி. அங்கிருந்தே தொடங்குவோம்.

டிராவல் நர்ஸின் சம்பளம் இரண்டு துண்டாக வரும். மணிக்கு இவ்வளவு என்று வரிக்கு உட்பட்ட கூலி ஒன்று. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என வரியில்லாப் படி இன்னொன்று. படிக்கு உச்சவரம்பாக ஜிஎஸ்ஏ என்ற மத்திய அரசு அமைப்பின் தினப்படி விகிதத்தை ஏஜென்ஸிகள் வைத்துக்கொள்கின்றன. 2025, 2026 நிதியாண்டுகளுக்கான பொது விகிதம் தங்க 110 டாலர், சாப்பாடு முதலியவற்றுக்கு 68 டாலர். பெரிய நகரங்களில் இதைவிட அதிகம். பொது விகிதத்திலேயே வாரத்துக்கு 1,246 டாலர் ஆகிறது. 13 வாரத்துக்கு 16,198 டாலர். இதற்கு வரி இல்லை என்பதால்தான் மணிக்கூலி குறைவாக இருந்தாலும் பலரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வரி இல்லாமல் போவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்களுக்கு வேறு ஊரில் 'டாக்ஸ் ஹோம்' இருக்க வேண்டும். அதைவிட்டு வந்திருப்பதால் இரண்டு இடத்தில் செலவு ஆகிறது என்பதுதான் படியின் நியாயம். நிரந்தர வேலையிடம் இல்லாதவருக்கு அப்படியொரு வீடு இருக்கிறதா என்று பார்க்க வருமானவரித் துறை 1973-லிருந்து மூன்று கேள்விகளை வைத்திருக்கிறது. அந்த வீட்டுப் பகுதியில் உங்கள் வேலையின் ஒரு பகுதியாவது நடக்கிறதா, அங்கே தங்குகிறீர்களா? வெளியூரில் இருக்கும்போதும் அந்த வீட்டுக்கான செலவு தொடர்கிறதா? அந்த ஊரை நீங்கள் கைவிடாமல் இருக்கிறீர்களா, குடும்பம் அங்கே இருக்கிறதா, அல்லது அடிக்கடி போய்த் தங்குகிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டுக்கு ஆம் என்றால் சூழ்நிலையைப் பார்த்து முடிவாகும். ஒன்றுதான் என்றால் நீங்கள் ஊர்சுற்றி. போகும் இடமெல்லாம் உங்கள் வீடு. வீட்டைவிட்டு வெளியே இருப்பதாகவே கணக்கில்லை. படி முழுவதும் வரிக்கு உட்பட்ட சம்பளம்.

ஆர்வியைத் தவிர வேறு வீடு இல்லாதவர் சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறார். வாடகை வீட்டைக் காலி செய்து, சாமானை விற்று, வண்டியில் ஏறிய அன்றே அவருடைய டாக்ஸ் ஹோம் போய்விட்டது. ஆனாலும் ஏஜென்ஸி நீட்டும் 'எனக்கு நிரந்தர வீடு உண்டு' என்ற உறுதிமொழிப் படிவத்தில் வழக்கம்போலக் கையெழுத்துப் போடுகிறார். பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. மேலே சொன்ன 16,198 டாலருக்கு 22 விழுக்காடு வருமானவரியும் 7.65 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு, மெடிக்கேர் பிடித்தமும் போட்டால் ஒரு கான்ட்ராக்டுக்குச் சுமார் 4,800 டாலர் பாக்கி வரும். அதற்கு மேல் வட்டி, அபராதம். பொதுவாக மூன்று ஆண்டு வரை பழைய கணக்கைத் தோண்டலாம். வேண்டுமென்றே ஏமாற்றியதாக முடிவானால் கால வரம்பே கிடையாது.

தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். போதாது. அங்கே உங்களுக்கென்று ஓர் அறை, அதற்கு ஊர் வாடகைக்கு ஈடான பணம், அதை வங்கி வழியாகக் கொடுத்த சான்று, இடையிடையே போய்த் தங்கிய தடம் எல்லாம் வேண்டும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் வேலை நீளும் என்று தெரியவரும் நாளிலிருந்து, உண்மையான டாக்ஸ் ஹோம் இருப்பவருக்குக்கூடச் சலுகை நின்றுவிடும். கான்ட்ராக்டை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

முழுநேரமும் ஆர்வியில் வாழ்பவர் செய்யவேண்டியது எளிது என்பதே என் கருத்து. எனக்கு டாக்ஸ் ஹோம் இல்லை, முழுத் தொகையையும் வரிக்கு உட்பட்ட சம்பளமாகக் கொடுங்கள் என்று ஏஜென்ஸியிடம் எழுத்தில் சொல்லிவிடலாம். கையில் வரும் பணம் குறையும். ஆனால் நாளை வேலையின்மை உதவித்தொகை, ஓய்வூதியம், வீட்டுக்கடன் எல்லாவற்றுக்கும் பார்க்கப்படுவது வரிக்கு உட்பட்ட சம்பளம்தான். பார்க் வாடகையையும் டீசலையும் வரியில் கழித்துக்கொள்ளலாமே என்றால், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அந்தச் சலுகை 2018-லேயே நின்றது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிரந்தரமாகவே மூடிவிட்டது.

அடுத்தது முகவரி. நர்ஸிங் லைசென்ஸ் உடன்படிக்கையில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் சொந்த மாநிலம் அதில் இருந்தால் ஒரே லைசென்ஸில் அத்தனையிலும் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், ஓரிகன் போன்றவை வெளியே நிற்கின்றன. ஆர்விக்காரர்கள் டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோடாவைத் தேடிப்போவது இதனால்தான்: மூன்றும் உடன்படிக்கையில் உண்டு, மூன்றிலும் மாநில வருமானவரி இல்லை. தெற்கு டகோடாவில் ஓரிரவு தங்கிய ரசீதையும், கடிதங்களை வாங்கி அனுப்பும் நிலையத்தின் முகவரியையும் வைத்து ஓட்டுநர் உரிமமே எடுத்துவிடுகிறார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் கடிதம் வரும் பெட்டி டாக்ஸ் ஹோம் ஆகாது. நர்ஸிங் போர்டிடம் நான் டகோடாவாசி என்றும், வரித் துறையிடம் என் வீடு கலிஃபோர்னியாவில் தங்கை வீடு என்றும் சொன்னால், ஒரு காகிதமே இன்னொன்றுக்கு எதிர்ச்சாட்சி. குடியிருக்கும் மாநிலத்தை உடன்படிக்கைக்குள்ளேயே மாற்றினால் 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் விதி.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. அமெரிக்கக் குடிமக்கள் எழுதும் ஆர்வி ஆலோசனைகளில் இது வராது. முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஏஆர்-11 படிவம், இணையத்திலேயே நிரப்பலாம், கட்டணம் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மாநிலத்தில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். கடந்த ஐந்தாண்டு முகவரிகளையும் கேட்பார்கள். எந்தப் பார்க்கில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பிற்பாடு தவிக்க வேண்டாம்.

கான்ட்ராக்டில் பார்க்கவேண்டிய ஷரத்துகள் இரண்டு. மருத்துவமனை ஆள் வேண்டாம் என்று ஷிஃப்டை ரத்து செய்தால் கூலி உண்டா. நடுவில் கான்ட்ராக்டையே ரத்து செய்தால் என்ன கொடுப்பார்கள். 'உத்தரவாத மணி நேரம்' என்று வாயால் சொல்வது காகிதத்தில் இல்லையென்றால் அது இல்லை. ஓவர்டைம் கணக்கையும் பாருங்கள். வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்பது மத்தியச் சட்டம். எதன்மேல் ஒன்றரை என்பதில்தான் சண்டை. ஷிஃப்டைத் தவறவிட்டால் படியையும் அதே விகிதத்தில் வெட்டும் ஏஜென்ஸி, அந்தப் படியைக் கூலியாகவே நடத்துகிறது. ஆகவே அதையும் சேர்த்துத்தான் ஓவர்டைம் கணக்கிட வேண்டும் என்று 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் கிளார்க் எதிர் ஏஎம்என் சர்வீசஸ் வழக்கில் சொன்னது. கலிஃபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் முதலிய மேற்கு மாநிலங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். 25 டாலர் கூலியும் மேற்சொன்ன படியும் வாங்கி 48 மணி வேலை பார்த்தவருக்கு, ஒன்றரை மடங்கு 25 டாலர்மேலா, ஏறத்தாழ 51 டாலர்மேலா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

வண்டியை நிறுத்தும் இடத்துக்கு வருவோம். பார்க்கில் உங்களுக்கு என்ன உரிமை என்பது மாநிலத்தையும் தங்கிய நாளையும் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 30 நாள் வரை இருப்பவரை, வாடகை பாக்கியோ விதிமீறலோ இருந்தால், 72 மணி நேர எழுத்து அறிவிப்பில் வெளியேற்றலாம். 30 நாள் தாண்டினால் பொதுவாக 30 நாள் அறிவிப்பு. ஒன்பது மாதம் ஆனவருக்குக் காரணமும் 60 நாளும் தர வேண்டும். அரிசோனாவில் நீண்டகாலக் குடியிருப்புச் சட்டம் 180 நாளுக்கு மேல்தான் துணைக்கு வரும். 13 வாரத்தில் கிளம்பும் நர்ஸ் பெரும்பாலும் அடித்தட்டுப் பாதுகாப்பில்தான் இருப்பார். எனவே ரசீது, விதிமுறைத் தாள், மின் மீட்டர் அளவு மூன்றையும் முதல் நாளே கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பல பார்க்குகள் சேர்ப்பதில்லை. பழைய வண்டியை மலிவாக வாங்குமுன் இதைக் கேளுங்கள்.

பார்க் செலவை மிச்சப்படுத்த மருத்துவமனை வளாகத்திலேயே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ஸி ஆள் தொலைபேசியில் சொன்ன அனுமதியை இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் காவலாளி ஒப்புக்கொள்ளமாட்டார். மருத்துவமனைப் பாதுகாப்புப் பிரிவிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். தெருவில் நிறுத்தித் தூங்குவது இப்போது முன்னைவிட ஆபத்து. பொது இடத்தில் முகாமிட்டுத் தூங்குவதற்குத் தண்டனை விதிக்கும் நகரச் சட்டம் அரசமைப்புக்கு முரண் அல்ல என்று உச்சநீதிமன்றம் 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. சாலையில் ஓடக்கூடிய மோட்டார்ஹோமைத் தகுந்த காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே சோதிக்கலாம் என்பது 1985-இன் கார்னி தீர்ப்பு. தகுந்த காரணம் இல்லாமல் 'பார்க்கலாமா?' என்று கேட்டால், மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது முழுநேரம் குடியிருக்கிறேன் என்று சொல்லியே எடுங்கள். விடுமுறைக்கான மலிவு பாலிசியில் மறைத்தால் தீப்பிடித்த நாளில் பணம் வராது. வண்டி வாரண்டியிலும் 'நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் செல்லாது' என்ற வரி பல நிறுவனங்களின் தாளில் உண்டு. விற்பனையாளர் அதைப் படித்துக்காட்டமாட்டார். பழுதான புதிய வண்டியைத் திருப்பித்தரும் 'லெமன்' சட்டம் பல மாநிலங்களில் ஆர்வியின் குடியிருக்கும் பகுதிக்குப் பொருந்துவதில்லை. பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்திருந்தால் பழுதுபார்ப்பு இலவசம். வண்டியின் 17 இலக்க விஐஎன் எண்ணை நிட்சா (NHTSA) என்ற மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால் முதலில் நிற்பது கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர் புகை, காஸ் ஹீட்டர் பழுது, பக்கத்து வண்டியின் புகைகூட உள்ளே வரலாம். தலைவலி, குமட்டல், அயர்ச்சி என்ற அறிகுறிகள் நர்ஸுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் அதை வேலைக் களைப்பு என்றே நினைத்துப் படுத்துவிடுவார். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். பழைய வண்டி வாங்கினால் அலாரம் ஒலித்தாலும் மாற்றிவிடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதைக் கண்டறியும் கருவி தரைக்கருகே இருப்பது அதனால்தான், முன்னால் பெட்டியை அடுக்கி மறைக்க வேண்டாம்.

பகலில் ஜன்னலை மூடித் தூங்குவதால் இன்னோர் ஆபத்தும் உண்டு. கத்ரீனா புயலுக்குப்பின் அரசு கொடுத்த டிரெயிலர்களில் 519-ஐ நோய்த்தடுப்பு மையம் சோதித்து 2008-இல் காற்றில் சராசரி 77 பிபிபி (நூறு கோடியில் 77 பங்கு) ஃபார்மால்டிஹைடு இருப்பதாகச் சொன்னது. ஒட்டுப்பலகைக்கு அதன்பின் மத்தியக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனாலும் புது வண்டியில், அதுவும் வெயிலில், நெடி கூடும். வாங்கிய முதல் சில வாரம் காற்றோட்டமாகத் திறந்துவைத்தபின் குடியேறுங்கள்.

மின்சாரத்தில் 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் மட்டுமே தரும். ஏசியோடு ஹீட்டரோ மைக்ரோவேவோ சேர்ந்தால் பிரேக்கர் விழும், பிளக் உருகிய கதைகளும் உண்டு. டயர் பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். வரிப்பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் வயதான டயர் வெடிக்கும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஆர்வி தஞ்சம் தராது. நிறுத்திய அன்றே பக்கத்தில் உறுதியான கட்டடம் எது என்று கேட்டுவையுங்கள், மருத்துவமனையாகவே இருக்கலாம். கடைசி நைட் ஷிஃப்ட் முடிந்த காலையே டிரெயிலரை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். 17 மணி நேரம் கண்விழித்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓரிரவு கூடுதல் வாடகை கொடுத்துத் தூங்கிவிட்டுப் போகலாம்.

கூலி, ஓவர்டைம் பாக்கிக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கூலி மற்றும் பணிநேரப் பிரிவை 1-866-487-9243 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். மத்தியச் சட்டப்படி இரண்டாண்டுப் பாக்கி வரை கேட்கலாம். வேண்டுமென்றே மறுத்திருந்தால் மூன்றாண்டு. புகார் தருபவரின் பெயரை ரகசியமாக வைப்பார்கள். புகார் கொடுத்ததற்காக வேலையைவிட்டு நீக்குவதும் சட்டவிரோதம். கிரீன் கார்டில் இருக்கிறோமே, வம்பு எதற்கு என்று ஒதுங்கிப்போக வேண்டாம். இந்தச் சட்டம் குடியுரிமையைக் கேட்பதில்லை.