ஒரே குழாய், இரண்டு வேலை

மாணவர்களே, வீட்டில் 5 மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதா? அதைக் கொண்டு இரண்டு வேலைகளைச் செய்யலாம்.

முதலாவது, மட்டம் பார்ப்பது. நீண்ட அலமாரியைச் சாய்வின்றிச் சுவரில் மாட்ட வேண்டுமா? குழாயில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, இரு முனைகளையும் மேல்நோக்கிச் சுவரோடு பிடியுங்கள். இரு முனைகளிலும் காற்றழுத்தம் ஒன்றே என்பதால், நீரும் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே குறியிடுங்கள். நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு தவறிவிடும்.

மட்டம் சமமானால் நீர் நிற்கும், வேறுபட்டால் ஓடும். இதுவே இரண்டாவது வேலைக்கு அடிப்படை: தூக்க முடியாத மழைநீர்ப் பீப்பாயைக் காலி செய்வது. குழாய் முழுவதும் நீர் நிரப்பி, முனைகளை விரலால் அடையுங்கள். ஒரு முனையைப் பீப்பாய் நீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையைத் தாழ்வான வடிகாலில் வைத்துத் திறந்துவிடுங்கள். நீர் விளிம்பைத் தாண்டி ஏறி, கீழே இறங்கும். வாயால் உறிஞ்சாதீர்கள், தேங்கிய நீரில் கிருமிகள் இருக்கலாம்.

ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். வாரந்தோறும் பீப்பாயைக் காலி செய்து, முட்டைகள் ஒட்டியிருக்கும் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கிக் கொசு அங்கே பெருகாது.