மூக்குக்கு எட்டாத காஸ்

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் இப்போது சமையலறைச் சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பார்க்க முடிகிறது. காஸ் கசிந்தால் கத்துமாம். அதை மாட்டியவர் எலெக்ட்ரீஷியன். எந்த இடத்தில் ப்ளக் பாயிண்ட் காலியாக இருந்ததோ, அங்கே மாட்டியிருப்பார். பெரும்பாலும் அது சிம்னிக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே.

வீட்டில் எரிவதோ சிலிண்டர் காஸ். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அது காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து மேடைக்கு அடியில் போய்த் தேங்கும். எனவே பெட்டி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் சில பகுதிகளுக்கு வரத் தொடங்கியிருக்கும் குழாய் காஸ் இதற்கு நேர்மாறு. அது மீத்தேன், லேசானது, கூரையைத் தேடிப் போகும். சிலிண்டரை ஒப்படைத்துவிட்டுக் குழாய்க்கு மாறும் வீட்டில் பெட்டியின் இடமும் மாற வேண்டும், சில சமயம் பெட்டியே மாற வேண்டும். காஸ் இணைப்பு கொடுக்க வருகிறவர் கையோடு இதையும் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

சரியான இடத்தில் மாட்டினாலும் அடுத்த தொல்லை காத்திருக்கிறது. தாம்பரத்தில் என் சித்தி வீட்டில் காலையில் பையன் ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்துப் பெட்டி அலறும். சமையலறையை ஒட்டிய அறையில் அவன் பாடி ஸ்ப்ரே அடிப்பான், அவ்வளவுதான். “அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள என்ன கூப்பாடு இதுக்கு?” என்று சித்தி ஒருநாள் ப்ளக்கைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஆனால் பெட்டி பொய் சொல்லவில்லை. பாடி ஸ்ப்ரே, கரப்பான் மருந்து டப்பாக்கள் பலவற்றில் மருந்தை வெளியே பீய்ச்சித் தள்ளுவது அதே பியூட்டேன், புரொப்பேன்தான். பெட்டிக்குள் இருப்பது சூடாக்கிய டின் ஆக்சைடு. எரியக்கூடிய ஆவி அதன்மேல் பட்டால் மின்தடை குறையும். ஜப்பானில் நவோயோஷி தகுச்சி 1962-ல் காப்புரிமை கோரிய உத்தி இது. சானிடைசர் ஆவிகூட அதை ஏமாற்றிவிடும்.

நூற்றுக்கு 2 பங்கு அளவுக்குக் காற்றில் கலந்தால்தான் சிலிண்டர் காஸ் தீப்பற்றும். அதில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே பெட்டி கத்தத் தொடங்கிவிடும். ஆகவே ரெகுலேட்டரை மூடவும் ஜன்னலைத் திறக்கவும் அவகாசம் உண்டு. அந்த நேரத்தில் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கத்துகிறதே என்று பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்குவதும் அதே பொறிதான் என்பது தோன்றுவதில்லை. வெளியே வந்து காஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906-க்குப் போன் செய்யலாம்.

“மூக்கு இருக்கும்போது பெட்டி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். காஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. எத்தில் மெர்கேப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து நாற வைக்கிறார்கள். 2021 இறுதியில் இலங்கையில் வீட்டு காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, புரொப்பேன்–பியூட்டேன் விகிதத்தோடு இந்த நாற்றப் பொருளின் அளவும் சேர்ந்தே சர்ச்சையானது. வயதானவர்களுக்கு மோப்பம் மங்கும். கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் ரசத்தின் வாசனையே தெரியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர் தனியாகச் சமைக்கும் வீட்டுக்குப் பெட்டி அவசியம்.

ஆனால் சிலிண்டரைப் பார்த்து இவ்வளவு பயப்படும் நாம், எரிந்து முடிந்த காஸிலிருந்து வருவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. போதிய காற்றில்லாமல் எது எரிந்தாலும், கரியோ விறகோ காஸோ ஜெனரேட்டர் டீசலோ, கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. அதை நாற வைக்க யாரும் எதையும் சேர்ப்பதுமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சமையலறைச் சுவரில் உள்ள அந்த வெள்ளைப் பெட்டி இதைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டதல்ல. அதை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறோம்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு காஸ் ஹீட்டர் எரிந்த விடுதி அறையில் கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். கொடைக்கானல், ஊட்டிக் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை இழுத்து வைத்துக்கொள்கிறவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

மலை ஏறாத வீடுகளில் ஆபத்து குளியலறையில் இருக்கிறது. சிறிய குளியலறை, மூடிய ஜன்னல், உள்ளேயே காஸ் கீசர். குளிக்கப் போனவர் மயங்கிக் கிடப்பார். வலிப்பு வந்து, காக்காய் வலிப்பு என்று எண்ணி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிப்பதால் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாமேல் பழி விழும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். கொரோனாவில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஏறியது என்றே எண்ணி 98 காட்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் இதற்கெனத் தனி அலாரம் கட்டாயம். 2008-ல் புகைபோக்கி அடைத்துக்கொண்ட வீட்டில் ஒரு குடும்பத்தின் 4 பேர் இறந்ததை அடுத்து, 2013-ல் சட்டம் வந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் தோழி வீட்டில் அந்த அலாரம் நடுச்சாமத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்றதும், ஊரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா போர்வையோடு வாசலுக்கு ஓடிவிட்டாராம். “அம்மா, அது காஸ் இல்லை, பட்டரி முடிஞ்ச சத்தம். உள்ளுக்கு வாங்கோ, குளிருது.” நாலு தரம் கத்தி நிறுத்தி மறுபடி நாலு தரம் கத்தினால்தான் ஓட வேண்டும்.

அவள் கொடுத்தனுப்பிய அலாரம் ஒன்று திருச்சியில் அவள் அத்தை வீட்டில் வேறு கூத்தைக் காட்டியது. நீண்ட மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் கத்தும். அடுப்பு, கீசர் எதுவும் எரியாது. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். பழைய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனைக் கக்கும். இந்த அலாரத்தில் உள்ள சென்சார் ஹைட்ரஜனையும் மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்காரர் வந்து தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டு, “இது இன்னும் எப்படி ஓடுதுன்னே தெரியல சார்” என்றார்.

காஸ் கீசர் வீட்டுக்கு இந்த அலாரத்தை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால் அதைக் குளியலறைக்குள் மாட்ட முடியாது. போதாக்குறைக்கு, அமெரிக்கத் தரத்தின்படி பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒரு மணி முதல் நாலு மணி நேரம் கழித்தும், 400 பங்கு இருந்தாலும் 4 முதல் 15 நிமிஷத்துக்குள்ளும்தான் அது கத்தும். உள்ளே தாழிட்டுக் குளிப்பவருக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது. கீசரைக் கழற்றிப் பால்கனிக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே இழுத்தால் போதும். ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை.