சொட்டும் கீசரை அடைக்காதீர்கள்!

தில்லியில் குளிர் வந்துவிட்டால் கீசர் போடாத வீடில்லை. சென்ற குளிர்காலத்தில் என் பக்கத்து வீட்டு நண்பர், கீசரின் வால்வு சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிட்டார். சில நாட்களில் தொட்டியின் வெல்டிங் விட்டுக் கொதிநீர் கொட்டியது; கீழ்வீட்டுக் கூரையும் நனைந்தது. நல்லவேளை, அப்போது குளியலறையில் யாரும் இல்லை.

25 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். அது வெளியேற வழி வேண்டாமா? நீராவி எஞ்சினின் பாதுகாப்பு வால்வு சீறுவதைக் கேட்டுப் பழகியவன் நான். அதை அடைக்க எந்த டிரைவரும் துணியமாட்டார்.

ஆகவே, சூடேறும்போது வால்வு சொட்டினால் கவலை வேண்டாம். கீசரை அணைத்த பின்னும் ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். தொட்டியே கசிந்தால் அதைத் துரு தின்றுவிட்டது என்று பொருள், ஒட்டுவேலை பயன்படாது.

தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு உண்டு. தொட்டி அரிக்காமலிருக்கத் தான் கரைவதே அதன் வேலை. ஆண்டுக்கொரு முறை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் இது மிக அவசியம்.

கசிவைக் கண்டால் முதலில் உலர்ந்த கையால் மின்சாரத்தை நிறுத்துங்கள்; பிறகு கீசருக்கு நீர் வரும் குழாயை மூடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் அன்பர்களே! வாசற்பூட்டை இழுத்துப் பார்க்குமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடுங்கள். பிறகு நிம்மதியாக ரயிலேறலாம்.