வட்டப் பாதையில் ஒளிந்திருந்த ரயில்

“சார், இந்தத் தூர-நேர வரைபடம் நிஜ வாழ்க்கையில் எதற்குத்தான் உதவும்?” ஆண்டுக்கு ஒருவராவது என் உயர்நிலை வகுப்பில் இதைக் கேட்டுவிடுவார். சில மாதங்கள் கழித்து அதே பிள்ளை வந்து, “தரவுப் பகுப்பாய்வு படிக்க ஆசை. ஆனால் கணக்கு சுமாராகத்தான் வரும். விட்டுவிடவா?” என்பார். இரண்டுக்கும் பதிலாக நான் சொல்வது 2016இல் நம் ஊரில் நடந்த ஒரு கதை.

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை ரயிலேறினால் அடுத்த நிலையம் டோபி காட். அங்கிருந்து புறப்படும் வட்டப் பாதை ரயில்களில் ஓட்டுநர் கிடையாது. ரயிலுக்கும் பாதைக்கும் இடையே சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால், பாதுகாப்புக்காக அவசர பிரேக் தானாகவே விழும். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் காரணம் தெரியாமல் ரயில்கள் இப்படி நிற்கத் தொடங்கின. நவம்பரில் தொல்லை திரும்பவும் வந்தது. நெரிசல் நேரத்தில் அதில் சிக்கியவர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கும்.

நவம்பர் 5ஆம் தேதி, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு அறிவியலாளர்கள் மூவரிடம் சம்பவப் பதிவுகள் வந்துசேர்ந்தன. எந்த ரயில், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போகும்போது நின்றது என்ற விவரங்கள், அவ்வளவுதான். முதல் வேலை சுத்தம் செய்வது. தனித்தனிக் கோப்புகளை ஒன்றாக்கி, தேதியையும் நேரத்தையும் ஒரே பத்தியில் சேர்த்தார்கள். இதைக் கேட்டதும் மாணவர்களின் முகம் வாடிவிடும். ஆனால் இந்த வேலையை மட்டுமே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் தரவுப் பொறியாளர்கள். குழாயும் தொட்டியும் கட்டுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வராது.

பிறகு எண்ணிப் பார்த்தார்கள். சம்பவங்கள் நாள் முழுவதும் பரவியிருந்தன. இடமும் ஒன்றல்ல, பாதிக்கப்பட்ட ரயிலும் ஒன்றல்ல. நேரம், இடம், ரயில் என்று தனித்தனியாகப் பார்த்தவரை ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றையும் ஒரே படத்தில் போட்டபோதுதான் வழி திறந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே பிரபலப்படுத்திய ரயில் அட்டவணைப் படம் அதற்குக் கைகொடுத்தது. ஓர் அச்சில் நேரம், மறு அச்சில் நிலையங்கள். என் மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் அதே தூர-நேர வரைபடம்தான்! அதில் சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கோட்டில் விழுந்தன. ஒரு ரயில் நின்ற சில நிமிடங்களில், அதன் பின்னால் வந்த ரயிலும் நின்றிருந்தது. அப்படியானால் ஏதோ ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே, எதிரே வரும் ரயில்களைக் கெடுத்துக்கொண்டு போகிறது. சாய்கோட்டின் சரிவு அதன் வேகத்தைச் சொன்னது. ஒரு ரயிலின் வேகம்தான் அது!

ஆனால் அந்த ரயில் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் தெரியாதே, அது நிற்கவே இல்லையே! ஆகவே நிலையங்களில் எந்த ரயில் எப்போது வந்துபோனது என்ற காணொளிப் பதிவுகளைத் தேட வேண்டியிருந்தது. ‘பிவி46’ என்ற ரயில் அகப்பட்டது. நிரல் எழுதிச் சரிபார்த்தபோது, 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சம்பவங்கள் இந்த ஊகத்துக்குள் அடங்கின. மறுநாள், நெரிசல் இல்லாத நேரத்தில், அந்த ரயிலை ஓட்டிப் பார்த்துப் பொறியாளர்கள் உறுதிசெய்தார்கள். அதன் பழுதான சமிக்ஞைக் கருவிதான் மற்ற ரயில்களைக் குழப்பியிருந்தது.

இதில் எத்தனை வேலைகள் இருக்கின்றன, பாருங்கள். பதிவுகளைத் திரட்டித் தருபவர், படம் வரைந்து கேள்வி கேட்கும் பகுப்பாய்வாளர், ஊகத்தை நிரலாக்கிச் சோதிக்கும் தரவு அறிவியலாளர், ரயிலைப் பற்றி அறிந்த பொறியாளர். ரயிலுக்குப் பதில் டெங்கிப் பரவல் என்றால், அந்தக் கடைசி இடத்தில் உயிரியல் படித்தவர் வேண்டும். கடை விற்பனை என்றால் வணிகம் தெரிந்தவர். சட்டத்தில் நாட்டமா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். அதுவும் ஒரு வழிதான்.

கணக்கு வேண்டாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். தரவு அறிவியலாளர் ஆக வேண்டுமென்றால் புள்ளியியலும் நிகழ்தகவும் ஆழமாகவே தேவைப்படும். பகுப்பாய்வாளராகத் தொடங்க சராசரி, விழுக்காடு, வரைபடம் ஆகியவை தடுமாறாமல் வந்தால் போதும். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயப் படிப்பு வழியாகவும் இத்துறைக்குள் போகலாம். ‘கோடிங்’ வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்வேன். பிள்ளை நன்றாக எழுதவும் பேசவும் வேண்டும். அந்த மூவரும் கண்டதைப் பிறருக்குப் புரியவைக்க முடியாமல் போயிருந்தால், மறுநாள் யார் ரயிலை ஓட்டிப் பார்த்திருப்பார்கள்?

இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ தளத்தில், நிலையவாரியாகப் பயணிகள் எண்ணிக்கை மணிக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தின் வார நாள் எண்களையும் வார இறுதி, விடுமுறை நாள் எண்களையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன, ஏன் என்று ஒரு பத்தி எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.