படகுக்கு முன் இடம் தேடுங்கள்

சொந்தப் படகு வாங்குவது ஒருமுறைச் செலவு. அதைக் கட்டி வைப்பதோ தொடர்ந்து வரும் செலவு. பினாங்கில் படகு வாங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்வது நல்லது.

மரினாக்களில் வாடகை பெரும்பாலும் படகின் நீளத்தைப் பொறுத்தே அமையும். படகு நீள நீள வாடகையும் கூடும்.

சரி, பணம் இருந்தால் இடம் கிடைத்துவிடுமா? தஞ்சோங் தோக்கோங்கில் 2010-இல் திறக்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினா சுமார் 40 படகுகளுக்கே அமைக்கப்பட்டது.

இடம் குறைவாக இருப்பதற்குக் கடலே முக்கியக் காரணம். ஜார்ஜ்டவுன் கரையோரம் நீரோட்டம் வேகமானது. ஃபெர்ரிகளும் கப்பல்களும் எழுப்பும் அலை வேறு. ஃபெர்ரித் துறைக்கு அருகே இருந்த தஞ்சோங் சிட்டி மரினாவில் இந்த அலையாட்டமே பெரும் தொல்லையாக இருந்தது.

அலையைத் தடுக்கத் தடுப்புச்சுவர் கட்டலாம். ஆனால் நீர் அமைதியானால் சேறு படியும். அதைத் தோண்டி அள்ள வேண்டும். அந்தச் செலவும் கடைசியில் வாடகையில்தான் வந்து சேரும்.

திறந்த கடலில் நங்கூரம் போட்டால் மரினா வாடகை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக் காலத்தில் திடீரென வீசும் 'சுமத்ரா' காற்றில் நங்கூரம் நழுவினால், படகையே இழக்க நேரிடலாம்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 2 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. ஆகவே இடத்தை வற்று நேரத்தில் போய்ப் பாருங்கள். ஆழம் எவ்வளவு, சேறு அள்ளுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். படகுக்கு முன்பணம் கட்டுவது அதன் பிறகு இருக்கட்டும்.