நடக்கும் பாதையும் நம் உரிமைதான்

தெருவில் நடக்கும் உரிமையையே போராடிப் பெற்றவர்கள் நாம். 1924-இல் வைக்கத்தில் கேட்டது, கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமையைத்தான். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு சாலைகளை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்குப் பிறகும், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்பு அணிவதையும் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

நகரத்துக்குப் போனால் வேறு கதை. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் சென்னை மாநகராட்சி 2014-இல் தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் இதற்கு என்றது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட நம் மக்களுக்கு, நடந்தோ சைக்கிளிலோ எட்டாத தூரத்துக்கு வேலையே போய்விட்டது. குடியிருப்பை ஒரு துறையும் நடைபாதையை இன்னொரு துறையும் தனித்தனியே திட்டமிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் ஊரிலும் காலனியிலிருந்து பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதை எப்படி இருக்கிறது? அக்டோபர் 2 கிராம சபையில் கேட்போம். மாணவர்களே, மனுவை நீங்கள் எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.